ஏதென்ஸ் பொற்காலம்: ஒரே ஊர்ல, நூறு வருஷத்துக்குள்ள, இவ்ளோ எப்படி?

மஞ்சக்குப்பம்வாசி:
கடலூர்ல எங்க வாசகர் வட்டத்துல இந்த மாசம் கிரேக்கம் என் தலைல விழுந்துருக்கு, அரை மணி நேரம் பேசணும். எதைப் பொரட்டுனாலும் அதே பேருங்கதான், அரசியல் தலைவர் பெரிக்ளிஸ், நாடகக்காரர் சோஃபக்ளிஸ், தத்துவம் பேசுன சாக்ரடீஸ், சிற்பி ஃபிடியாஸ், பார்த்தினான் கோயில். எல்லாம் கி.மு. 480லேர்ந்து 400க்குள்ள, அதுவும் ஏதென்ஸ்ங்கற ஒரே ஊர்ல. மேதைங்க பொறந்தாங்கன்னு சொல்லி முடிச்சிடறாங்க. ஒரு ஊர்ல மட்டும் எப்படிங்க வரிசையா பொறப்பாங்க? காசு யார் போட்டா, இதையெல்லாம் உக்காந்து பாத்தது யாரு, அத சொல்லுங்க. புக் லிஸ்ட் வேணாம் ப்ளீஸ்.

துறைமுகத்தான்:
காசு விஷயம் நான் சொல்றேன். ஏதென்ஸ்காரங்களுக்கு லாரியம்னு ஒரு வெள்ளிச் சுரங்கம், கி.மு. 483 வாக்குல அங்க நல்லா வெள்ளி கிடைக்க ஆரம்பிச்சுது, ஆளுக்கு இவ்ளோன்னு பிரிச்சுக்கலாம்னு பேச்சு வந்தப்ப தெமிஸ்டக்ளிஸ்னு ஒரு தலைவர் மறிச்சு அத கப்பல்ல போட வெச்சார், அந்தக் கப்பலுங்கதான் 480ல சலாமிஸ் தீவுகிட்ட பாரசீகக் கடற்படைய அடிச்சுது. சுரங்கத்துக்குள்ள எறங்கினது அடிமைங்கன்றதையும் சேத்து சொல்லிடுங்க.

அப்புறம் பாரசீகன் திரும்பி வந்தா என்ன பண்றதுன்னு 478ல தீவுங்களும் கரையோர ஊருங்களும் ஏதென்ஸ் தலைமைல கூட்டணி போட்டாங்க, கஜானா டெலாஸ் தீவுல. 454ல கஜானாவ ஏதென்ஸுக்கே தூக்கிட்டு வந்தாச்சு. 447ல பார்த்தினான் வேலை ஆரம்பம். கூட்டணிக் காசு கோயிலுக்கு எவ்ளோ போச்சுன்னு இன்னும் அடிச்சுக்கறாங்க, ஆனா ஊர்க்காரனே அப்ப சும்மா இல்ல. அடுத்தவன் சண்டைக்குன்னு குடுத்த காசுல நம்ம ஊர சிங்காரிக்கறோமேன்னு எதிர்த்தரப்பு கத்துச்சாம், அவங்கள நாம காப்பாத்தற வரைக்கும் கணக்கு காட்டத் தேவயில்லன்னு பெரிக்ளிஸ் சொன்னாராம், பின்னால வந்த ப்ளூட்டார்க்ங்கற வாழ்க்கை வரலாறு எழுதறவர் எழுதி வெச்சிருக்கார். எல்லா காலத்து அரசியல்வாதியும் ஒரே பள்ளிக்கூடம் போல.

கூத்துப்பித்தன்:
நண்பரே, யார் பாத்தாங்கன்னு கேட்டீங்கல்ல, எனக்கு அதான் புடிச்ச கேள்வி. நம்ம பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல இன்னிக்கு ராத்திரி கூத்து இன்னார் உபயம்னு நோட்டீஸ்ல போடுவாங்கல்ல, அதேதான் அங்கயும், ஆனா வேண்டுதலுக்கு செய்யறதில்ல, இந்த வருஷம் நீ செலவு பண்ணுன்னு அரசாங்கமே பணக்காரன் தலைல கட்டும். கோரஸ்காரங்களுக்கு, அதாவது கூட்டமா பாடி ஆடறவங்களுக்கு பயிற்சி, உடுப்பு எல்லாம் அவன் பொறுப்பு. 472ல ஈஸ்கிலஸ் போட்ட "பாரசீகர்கள்" நாடகத்துக்கு அப்படி செலவு பண்ணது யார் தெரியுமா, இளவட்டமா இருந்த பெரிக்ளிஸ். சலாமிஸ் சண்டை முடிஞ்சு எட்டே வருஷம், நாடகம் நடக்கறது தோத்த பாரசீகனோட அரண்மனைல, அவன் அம்மா அழுவறா. ஏதென்ஸ எரிச்ச அந்த பாரசீகன் வீட்டு அழுகைய மேடையில வெச்சு அதுக்கு முதல் பரிசும் குடுத்தாங்கன்னா பாத்துக்குங்க.

இன்னொன்னு, இந்த நாடகமெல்லாம் நடந்த டயோனிசஸ் சாமி திருவிழால நாடகம் மட்டும் இல்ல, பாட்டும் ஆட்டமுமா கோரஸ் போட்டியும் உண்டு. பத்து குலம், குலத்துக்கு பெரியவங்க 50 பேர், பசங்க 50 பேர், ஆக வருஷத்துக்கு ஆயிரம் பேர் ஆடிப் பாடறாங்க. எல்லாம் குடிமக்கள், தொழில்காரன் கிடையாது. அடுத்த வருஷம் அவனேதான் கீழ உக்காந்து பாக்கறான். தானும் ஆடுன ஆளு முன்னாடி எவன் சொதப்ப முடியும்? சோஃபக்ளிஸ் மாதிரி ஆளுங்க வந்ததுக்கு காரணம் இந்த ஜனம்தான்னு நான் நெனைக்கறேன்.

அரியாங்குப்பத்தான்:
அப்படியே நம்ம அரிக்கமேட்டையும் பேச்சுல சேத்துடுங்க ப்ரோ, கிரேக்கங்க புதுச்சேரிக்கே வந்து யாவாரம் பண்ணிருக்காங்க, கூட்டம் கைதட்டும்.

துறைமுகத்தான்:
தம்பி, அரிக்கமேட்டுல தொல்லியல்காரர் வீலர் 1945ல தோண்டி எடுத்த ரோமானிய சரக்கெல்லாம் கி.பி. ஒன்னாம் நூற்றாண்ட ஒட்டி. பெரிக்ளிஸ் செத்தது கி.மு. 429. நடுவுல நானூறு வருஷத்துக்கு மேல இருக்கு. கைதட்டு வாங்கறதுக்காக வேணாமே.

நெல்லிக்குப்பம் டீச்சர்:
தம்பி, எல்லாரும் ஏதென்ஸ்காரங்கன்னு பேசிடாதீங்க. வரலாறு எழுதுன ஹெரோடோட்டஸுக்கு ஊர் ஹாலிகார்னாசஸ், தத்துவக்காரங்க புரோட்டகோரஸுக்கு அப்டேரா, அனக்ஸகோரஸுக்கு கிளாசோமெனே. கப்பலும் காசும் பேச்சும் இருக்கற எடத்துக்கு வந்து சேந்தவங்க. சூரியன் சாமி இல்ல, பழுக்கக் காஞ்ச கல்லுன்னு அனக்ஸகோரஸ் சொல்லப்போயி கேஸாகி கடைசில ஊர விட்டே போக வேண்டியதாச்சு. சாக்ரடீஸ் உள்ளூர்க்காரர், அவருக்கு 399ல விஷம். ஆனா பேச விட்ட ஊரும் அதேதான், எழுபது வயசு வரைக்கும் தெருவுல நின்னு எல்லாரையும் கேள்வி கேட்டு கடுப்பேத்திட்டு இருந்திருக்கார்.

பொம்பளைங்களுக்கு ஓட்டு கிடையாது, மேடையில பொம்பள வேஷம்கூட ஆம்பளைங்கதான். ஏதென்ஸ்ல எரெக்தியான்னு இன்னொரு கோயில், அதோட கூலிக் கணக்கு கல்வெட்டாவே கிடைச்சிருக்கு, குடிமகன், வெளியூர்க்காரன், அடிமை மூணு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு செதுக்கி நாளைக்கு ஒரே ஒரு திராக்மா (அவங்க வெள்ளிக் காசு) வாங்கறாங்க, அடிமையோட கூலி பெரும்பாலும் எஜமானுக்கு போயிடும்.

மஞ்சக்குப்பம்வாசி:
நன்றி டீச்சர், நன்றி எல்லாருக்கும். அரை மணில எல்லாத்தையும் அடக்க முடியாது. ஒரே ஒரு நாடகத்த வெச்சு பேசறதுன்னா "பாரசீகர்கள்" போதுமா?

கூத்துப்பித்தன்:
அதுகூட "டிராய் பெண்கள்" சேத்துக்குங்க. மெலோஸ்னு ஒரு சின்னத் தீவு கப்பம் கட்ட மாட்டேன்னுச்சு, ஏதென்ஸ் படை போயி 416-415 குளிர்காலத்துல ஆம்பளைங்கள கொன்னு பொம்பளை புள்ளைங்கள அடிமையா வித்துட்டாங்க. அடுத்து வந்த வசந்தகால விழாவுலயே யூரிப்பிடீஸ் இத போடறார், தோத்த ஊரு, புருஷன் செத்த பொம்பளைங்க, எவன் கூட்டிட்டுப் போவான்னு காத்துட்டு உக்காந்திருக்காங்க. மெலோஸ மனசுல வெச்சுத்தான் எழுதினாரான்னு நிரூபிக்க முடியாது, உக்காந்து பாத்தவனுக்கு நெனப்பு வராம இருந்திருக்குமா? ரெண்டாவது பரிசுதான் குடுத்தாங்க. துறைமுகத்தான் சொன்ன கூட்டணிக் காசும் இங்க வந்து சேரும், கூட்டணி ஊருங்க கட்டுன கப்பத்த அதே விழாவுல அதே அரங்கத்துல ஜனங்க முன்னாடி காட்டற வழக்கம் இருந்துச்சுன்னு ஐசாக்ரடீஸ்ங்கற ஏதென்ஸ் எழுத்தாளர் எழுதிருக்கார்.