புதுப்பிப்பு: காமா-எச்2ஏஎக்ஸ் பட்டை தெளிவாகத் தெரிகிறது

டீ.என்.ஏ.யை முறிக்கும் புற்றுநோய் மருந்தான எட்டோபோசைட் இட்ட கலங்களின் வெஸ்டர்ன் பிளொட்டில் (புரதங்களை அளவுப்படி பிரித்து, மென்சவ்வுக்கு மாற்றி, பிறபொருளெதிரியால் பட்டைகளாகக் காணும் முறை), டீ.என்.ஏ. சிதைவைக் காட்டும் காமா-எச்2ஏஎக்ஸ் (எச்2ஏஎக்ஸ் புரதத்தின் பொசுபேற்று ஏறிய வடிவம்) பட்டை பின்னணிக் கறுப்பில் மறைந்துபோவதைப் பற்றிக் கேட்டிருந்தேன், பதிலளித்தோருக்கு நன்றி.

பிறபொருளெதிரி மென்சவ்வில் கண்டபடி ஒட்டாமலிருக்க இடும் தடுப்புக் கரைசலில் பால்மாவுக்குப் பதிலாக மாட்டுச் சீர அல்புமினை இடும்படி கூறிய ஆலோசனையே பலன் தந்தது. பாலிலுள்ள கேசீனும் பொசுபேற்று ஏறிய புரதமாகையால், செரீன் 139 எனும் அமினோ அமிலத்தில் பொசுபேற்று ஏறிய வடிவத்தை நாடும் பிறபொருளெதிரியைப் பயன்படுத்தும்போது அது பின்னணியை உயர்த்தக்கூடும். ஏறத்தாழ 15 கிலோடால்டன் (மூலக்கூற்றுத் திணிவின் அலகு) அளவேயான எச்2ஏஎக்ஸ் புரதம் பெரிய துளைகளினூடாகக் கடந்துவிடலாம் என்பதால், 0.45 மைக்ரோமீற்றர் மென்சவ்விலிருந்து 0.2க்கு மாறியதும் உதவியது. பிறபொருளெதிரியின் செறிவைக் கூட்டியதில் கறுப்பு மட்டுமே கூடியது.

எதிர்பாராத விதமாக, 25 கிலோடால்டனுக்கு அருகே மெல்லிய இரண்டாம் பட்டையொன்றும் தெரிந்தது. மருந்திடாத கலங்களில் அது இல்லாமையால், யுபிகுயிற்றின் எனும் சிறு புரதம் ஒன்று இணைந்த காமா-எச்2ஏஎக்ஸ் வடிவமென்றே கருதுகிறேன்.