அம்மாவுக்கு இடம் பார்ப்பது

குழு: பொள்ளாச்சி வீடு

சனிக்கிழமை, இரவு

செல்வி: எல்லாரும் இருக்கீங்களா? ஞாபகம் தப்பிப்போன அம்மாவைச் சேர்க்கலாமா என்று யோசித்த ரெண்டு பராமரிப்பு இல்லத்தையும் பார்த்தாச்சு. ஒவ்வொருத்தருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்ல முடியாது, இங்கேயே எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுமையாகப் படிங்க.

சண்முகம்: சொல்லு செல்வி. மோட்டார் போட்டுட்டுத் தோட்டத்தில்தான் இருக்கேன்.

செல்வி: முதல் இடம் கார்த்தி வெப்சைட் பார்த்து அனுப்பியது. வரவேற்பறை நட்சத்திர ஓட்டல் கெட்டது போங்க. மேனேஜர் ரொம்ப நேரம் பேசினார், முக்கால்வாசி கட்டிடத்தைப் பற்றித்தான். லிஃப்ட், ஜெனரேட்டர், மூலைக்கு மூலை சிசிடிவி, மாதா மாதம் பிறந்தநாள் கேக். எல்லாம் கேட்டுக்கொண்டு நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். எங்கம்மா சாயங்காலம் நாலரை மணி ஆனால் மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று கிளம்பிவிடுவார், தடுத்தால் கையை ஓங்குவார், அப்போது நீங்கள் என்ன செய்வீங்க என்று. யோசிக்கவே இல்லை. "அதுக்கு மாத்திரை இருக்குங்க மேடம், ஒரே வாரத்தில் அமைதியாயிடுவாங்க" என்றார்.

கார்த்தி: அக்கா, டாக்டர் பார்த்துத்தானே கொடுப்பார்கள்?

நித்யா: சித்தப்பா, அதுதான் எனக்கு உதறல். அவர்கள் சொல்கிற மாத்திரை பெரும்பாலும் குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் மாதிரி மனநோய்க்கான மருந்தாக இருக்கும். டிமென்ஷியா, அதாவது மறதி நோய் இருக்கிற வயதானவர்களுக்கு இந்த மருந்துகளால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-லேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது, முதலில் புது ரக மருந்துகளுக்கு, 2008-ல் பழைய ரகத்துக்கும் சேர்த்து. கொடுக்கவே கூடாது என்றில்லை, எங்கள் ஆஸ்பத்திரி வார்டிலும் கொடுக்கிறோம். ஆனால் மனநல மருத்துவர் ஆளை நேரில் பார்த்து, குறைந்த அளவில் ஆரம்பித்து, நிறுத்த முடியுமா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக் கொடுக்கிற மருந்து அது. அப்பத்தாவை இன்னும் கண்ணாலேயே பார்க்காத மேனேஜர் மாத்திரையை முடிவு பண்ணுகிறார் என்றால் ஆள் பத்தாததை மாத்திரையால் ஈடுகட்டுகிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்குவேன். அத்தை, நீங்கள் போனபோது அங்கே எல்லாரும் தூங்கிக்கொண்டா இருந்தார்கள்?

செல்வி: காலை பதினொரு மணி நித்யா. ஹாலில் டிவி அது பாட்டுக்கு ஓடுகிறது, சுத்தி சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், பாதிப் பேருக்குத் தலை தொங்கிவிட்டது. எவ்வளவு அமைதியாக இருக்காங்க பாருங்க என்று அவர் பெருமையாகக் காட்டுகிறார். ஓரத்தில் ஒரு அம்மாவைச் சக்கர நாற்காலியோடு சேர்த்து இடுப்பில் பழைய புடவையால் கட்டியிருந்தது. கேட்டதற்கு, விழாமல் இருக்கத்தானுங்க என்றார்கள்.

நித்யா: அதை விடாதீங்க அத்தை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சங்கிலி போடுவதற்கு அடியோடு தடை. வேறு விதமாகக் கட்டிவைப்பது என்றாலும் உடனே வரப்போகிற ஆபத்தைத் தடுக்க அதைத் தவிர வழியில்லை என்கிறபோது மட்டும்தான், அதுவும் மனநல மருத்துவர் அனுமதியோடு, பதிவேட்டில் காரணம் எழுதி. பகல் முழுக்கக் கட்டிப்போட்டு உட்காரவைப்பதற்கெல்லாம் அதில் இடமே இல்லை.

மல்லிகா: ஐயோ பாவம். அப்போ அந்த இடம் வேண்டாம் செல்வி.

கார்த்தி: சரி, அது வேண்டாம். படத்தைப் பார்த்து நான்தான் ஆசைப்பட்டேன். இங்கே இங்கிலாந்தில் சிக்யூசி என்று ஒரு அமைப்பு இருக்கிறது, பராமரிப்பு இல்லங்களுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சோதனை போடுவார்கள். பாதுகாப்பாக இருக்கிறதா, பலன் தருகிறதா, பரிவாக நடத்துகிறார்களா, ஆளுக்குத் தகுந்த மாதிரி செய்கிறார்களா, நிர்வாகம் ஒழுங்கா என்று ஐந்து கேள்வி, நாலு தரம். அந்தத் தரத்தை வாசலிலேயே ஒட்டிவைக்கணும். அப்படி ஏதாவது நம்ம ஊரில் பார்க்க முடியாதா?

நித்யா: அந்த மாதிரி வீட்டில் உட்கார்ந்து தரம் பார்த்துக்கொள்ள இங்கே ஒன்றும் கிடையாது சித்தப்பா. முதியோர் இல்லம் என்றால் சமூக நலத்துறைப் பதிவு, மனநோய்க்குப் பராமரிப்பு கொடுக்கிற இடம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு, இதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பதிவே இல்லாத இடத்துக்குள் காலே வைக்க வேண்டாம். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அங்கே என்ன நடக்கிறது என்று அந்தச் சான்றிதழ் சொல்லாது.

கார்த்தி: இங்கேயும் அதே கதைதான் என்று வை. தரம் போட்டுப் பல வருஷம் ஆன இடம் உண்டு, அதுக்குள்ளே மேனேஜரும் மாறி ஆளும் மாறியிருக்கும். என் சிநேகிதர் அவருடைய மாமியாருக்கு இடம் பார்த்தபோது கடைசிச் சோதனை எப்போது நடந்தது என்பதைத்தான் முதலில் பார்த்தார்.

ராசு மாமா: எல்லாம் படிச்சேன். நான் ஒண்ணு கேக்கறேன். மூணு பிள்ளைகளைப் பெத்து வளத்த என் அக்காவை எங்கேயோ கொண்டுபோய் விடறதுக்கு இத்தனை ஆராய்ச்சியா? ஊர் என்ன பேசும்? நம்ம அம்மாயியும்தான் கடைசிக் காலத்தில் நினைவு தப்பிக் கிடந்தது, யாரு விடுதி தேடினோம்?

மல்லிகா: மாமா, நான் பேசுகிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அத்தை ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து தாழ்ப்பாளை நீக்கிவிட்டுத் தொழுவத்துக்குப் போறாங்க. தொழுவத்தில் மாடு இல்லாமப் போய் எத்தனை வருஷம் ஆச்சு, உங்களுக்கே தெரியும். அதுக்கு அந்தப் பக்கம் கிணறு, பாதிக் கைப்பிடிச் சுவர் இடிஞ்சு கிடக்கு. அவங்க கட்டில் காலில் கொலுசைக் கட்டிவிட்டு அது சத்தம் கேட்டால் எழுந்திருக்கிற மாதிரித்தான் நான் படுக்கறேன். என்னைப் பார்த்து யாரு நீ, என் வீட்டில் உனக்கு என்ன வேலைன்னு கேக்கறாங்க, அதைக்கூட விட்டுடலாம், குளிக்கவைக்கப் போனால் திருடி திருடின்னு கத்தறாங்க, பக்கத்துத் தோட்டத்துக்காரங்க வந்து எட்டிப் பார்க்கறாங்க. ஊர் பேசும்னு சொல்றீங்க, அந்த ஊரில் ஒருத்தர் ஒரு ராத்திரி வந்து முழிச்சிருக்கட்டும் மாமா. அம்மாயி காலத்தில் வீட்டில் ஒன்பது பேர். இப்போ நானும் அவரும்தான், அவருக்கும் போன மாசம் ஸ்டென்ட் வச்சிருக்கு.

சண்முகம்: விடு மல்லிகா.

ராசு மாமா: கிணத்துச் சுவர் இடிஞ்சது எனக்குத் தெரியாதும்மா.

நித்யா: தாத்தா, நம்ம வீட்டில் மட்டும் இல்லை. லாசி-டேட் என்று நாடு முழுக்க நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று கணக்கு. பக்கத்து வீட்டில் வெளியே சொல்லாமல் கதவைச் சாத்தி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ராசு மாமா: சரி. அந்த ரெண்டாவது இடத்தைச் சொல்லு செல்வி.

செல்வி: தொண்டாமுத்தூர் போகிற வழியில் மாமா. பழைய வீடு, முன்னால் வேப்பமரம். கட்டிடம் சுமார்தான், தரையில் ரெண்டு மூணு இடத்தில் டைல்ஸ் பேர்ந்திருக்கிறது. சொல்லாமல்தான் போனேன், அஞ்சு மணி இருக்கும். கேட்டைத் திறந்தவரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். தாராபுரத்துக்காரம்மா, அம்பது வயசு இருக்கும், அங்கே அட்டெண்டர். திரும்ப என்னைத்தான் கேட்டார், "எத்தனை உருப்படிங்க வச்சிருந்தீங்க? கறவையா, உழவு மாடா?" நாலு கறவை, ஒரு ஜோடிக் காளை என்றேன். "அப்போ நாலரைக்கே கூட்டிக்கிட்டுப் பின்னாடி ஒரு நடை போயிட்டு வந்துடணுங்க, தடுத்தாத்தான் கோபம் வரும், தண்ணி காட்டியாச்சுங்க, வாங்க காப்பி குடிக்கலாம்னா வந்துடுவாங்க" என்றார். அப்போது உள்ளேயிருந்து ஒரு தாத்தா கையில் பையோடு வந்து பஸ் போயிடுச்சா என்று கேட்கிறார், இந்தம்மா என்னோடு பேசிக்கொண்டே அவர் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்தது அஞ்சரைக்குத்தாங்கய்யா, உக்காருங்க என்று திண்ணையைக் காட்டுகிறார். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

மல்லிகா: இதைத்தான் செல்வி நானும் செய்வேன், உடம்பு முடிகிற அன்றைக்கு.

கார்த்தி: இந்த இடமே போதும்க்கா. அட்வான்ஸ் எவ்வளவு, இப்பவே போட்டுவிடுகிறேன்.

செல்வி: இரு. ஒரு நல்ல அட்டெண்டரைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணக் கூடாது. அவர் லீவு போடுகிற அன்றைக்கு யார்? ராத்திரி யார்? இருபத்திரண்டு பேருக்கு ராத்திரியில் ரெண்டே அட்டெண்டர், நர்ஸ் எட்டு மணிக்குக் கிளம்பிவிடுகிறார், அப்புறம் போனில் கூப்பிட்டால்தான். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. அம்மாவுக்கு விவகாரமே ராத்திரியில்தானே.

நித்யா: நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை அத்தை, ஆள் குறைவாக இருக்கிற நாள், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்க. ஊட்டிவிடுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டே வாயில் திணிக்கிறாரா, விழுங்கின பிறகு அடுத்த வாய் கொடுக்கிறாரா, சாய்ந்து படுத்திருப்பவருக்கு அப்படியே கொடுக்கிறார்களா என்று பாருங்க, புரையேறி நுரையீரலுக்குப் போவதெல்லாம் அங்கேதான். எடைப் பதிவேடு கேளுங்க. படுத்த படுக்கையாக இருப்பவர்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டு எழுதி வைக்கிறார்களா என்று பாருங்க, எல்லா மணிக்கும் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்து என்றால் மொத்தமாக உட்கார்ந்து எழுதியது. மூக்கையும் கொண்டு போங்க. மூத்திர வாடை லேசாக வந்தால் பரவாயில்லை, எப்போது மாற்றுகிறார்கள் என்று பாருங்க, ஃபினாயில் வாடை கண்ணை எரித்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை, இரவு

செல்வி: போயிட்டு வந்தேன். முதலில் நல்லது. ராத்திரிக்கு உப்புமா, முடியாதவர்களுக்கு ராகிக் கூழ். ஊட்டுகிறவர்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் ஊட்டினார்கள். ஒரு அம்மா வாயைத் திறக்கவே இல்லை, அந்தப் பெண் கரண்டியை அவர் கையிலேயே கொடுத்து அந்தக் கையைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனதும் தானாக வாய் திறக்கிறது. வேலை செய்கிறவர்களில் ஒடிசா, அசாம் பிள்ளைகள் உண்டு, நல்லாத்தான் செய்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் தமிழ் பேசுகிற ஆள் ஒருத்தராவது கட்டாயம் என்று வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அது ரொம்ப முக்கியம்.

சண்முகம்: எடை?

செல்வி: மாசத்துக்கு ஒருமுறை போடுகிறார்கள் அண்ணா. ஒருத்தருக்கு மூணு மாசத்தில் நாலு கிலோ இறங்கியிருந்தது, டாக்டர் வந்து பார்த்தது, பல்செட்டு மாற்றியது எல்லாம் எழுதியிருக்கிறது. இறங்கவே இல்லை என்று காட்டியிருந்தால்தான் நான் நம்பியிருக்க மாட்டேன். விழுந்தவர்கள் பதிவேடும் காட்டினார்கள், வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போன் பண்ணினார்கள் என்பது வரைக்கும். முதல் இடத்தில் இதே கேள்விக்கு "எங்ககிட்ட யாரும் விழுந்ததே இல்லீங்க" என்றார்கள். வயசானவர்கள் முப்பது நாற்பது பேர் இருக்கிற வீட்டில்.

நித்யா: 😄 அது எங்கேயும் நடக்காது அத்தை.

செல்வி: இனி கெட்டது. பின்பக்கக் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. அக்ரிமென்ட்டில் மூணு இடம் உறுத்துகிறது. மாசம் நாற்பத்திரண்டாயிரம் என்கிறார்கள், டயப்பர், மருந்து, டாக்டர் ஃபீஸ் தனி, சரி. படுத்த படுக்கையானால் கட்டணம் "நிர்வாகத்தின் முடிவுப்படி" கூடும் என்று போட்டிருக்கிறது, எவ்வளவு என்று இல்லை. சமாளிக்க முடியாத நடத்தை இருந்தால் 48 மணி நேரத்தில் கூட்டிக்கொண்டு போகணும் என்று இன்னொன்று. சமாளிக்க முடியாதது எது என்று யார் சொல்வது? அப்புறம் பார்வை நேரம், ஞாயிறு மூணிலிருந்து அஞ்சு. அதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன், எப்போது வேண்டுமானாலும் வருவோம் என்று எழுத்தில் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

ராசு மாமா: நல்லாக் கேட்டே. சும்மா வருவோம், போவோம்னு தெரிஞ்சாத்தான் பயம் இருக்கும். நான் வடவள்ளியில்தானே இருக்கேன், வாரத்தில் ரெண்டு நாள் நேரம் காலம் இல்லாமப் போய் நிப்பேன்.

கார்த்தி: ராத்திரி ஆள்?

செல்வி: அதைத்தான் ரொம்ப நேரம் பேசினேன். மூணாவது ஆள் போட இப்போது வசதியில்லை என்று அந்த நடத்துகிற அம்மா வெளிப்படையாகச் சொன்னார். அம்மாவின் அறையை அட்டெண்டர்கள் உட்காருகிற மேசைக்கு எதிரே மாற்றித் தருகிறாராம், கட்டிலிலிருந்து இறங்கினால் சத்தம் கொடுக்கிற பாய் ஒன்று இருக்கிறது, அதை நாம் வாங்கிக் கொடுத்தால் போட்டுவிடுகிறாராம். மல்லிகா அண்ணியின் கொலுசு வேலையைத்தான் அது செய்யும். முழுத் தீர்வு இல்லை. ஆனால் எல்லாம் முடியும் என்று சொன்னவரைவிட இது முடியாது என்று சொல்கிறவர் எனக்குத் தேவலை.

நித்யா: முதலில் ஒரு மாசம் தற்காலிகமாக வைத்துப் பார்க்கலாம் அத்தை. சேர்க்கும்போதே அப்பத்தா இப்போது சாப்பிடுகிற மாத்திரைப் பட்டியல், எடை, காலில் முதுகில் புண் ஏதும் இல்லை என்று போட்டோ, எல்லாம் நாம் ஒரு நகல் வைத்துக்கணும். நம்மிடம் கேட்காமல் புது மாத்திரை எதுவும் கூடாது என்று எழுதி வாங்கணும். முதல் ரெண்டு வாரம் அப்பத்தா அழும், வீட்டுக்குப் போகணும்னு சொல்லும். அதை வைத்து இடத்தை எடைபோட வேண்டாம். எடை குறைகிறதா, பகலில் தூங்கி வழிகிறதா, கைகாலில் சிராய்ப்பு இருக்கா, அதைப் பார்ப்போம். ஏதாவது பிசகு என்றால் 14567 முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது.

சண்முகம்: ஒரு மாசம்னா சரி. நானும் மல்லிகாவும் அவங்களோட போய் ஒரு நாள் முழுக்க அங்கேயே இருக்கோம்.

மல்லிகா: அத்தைக்குக் குளிக்கும்போது பித்தளைச் சொம்புதான் வேணும், பிளாஸ்டிக் கப்பைக் கண்டால் வீசிடுவாங்க. தலைக்கு ஊத்தும்போது முன்னாடியே சொல்லிட்டு ஊத்தணும். எல்லாத்தையும் ஒரு நோட்டில் எழுதித் தரேன், அந்தத் தாராபுரத்தம்மா கையில் கொடுத்துடு செல்வி.

செல்வி: எழுதுங்க அண்ணி, அவர்களே கேட்டார்கள். மாற்றின அக்ரிமென்ட்டை புதன்கிழமைக்குள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள், கம்பியும் அதுக்குள் போட்டுவிடுவார்களாம், மாமா போய்ப் பார்த்துவிட்டுப் போட்டோ போடுங்க. ரெண்டும் வருகிற வரைக்கும் யாரும் அட்வான்ஸ் போடாதீங்க. கார்த்தி, உன்னைத்தான் சொல்றேன்.

கார்த்தி: போடலைக்கா 🙏 அந்தப் பாயை மட்டும் ஆர்டர் பண்ணிவிட்டேன்.