லென்ஸ்ல அழுக்குன்னு துடைச்சேன், அது போகவே இல்ல (முட்டம் அனுபவம்)

வானத்துல விசித்திரமா ஏதாவது பாத்தவங்க எழுதுங்கன்னு கேட்டிருந்தீங்க. என்னோடது பெரிய சம்பவம் எல்லாம் இல்ல, ஆனா இப்ப நெனச்சாலும் உடம்பு சிலிர்க்கும், அதான் எழுதுறேன்.

2024 மே மாசம், அமாவாசைய ஒட்டி ஒரு நாள் ராத்திரி. கூட்டாளி ஒருத்தன்கிட்ட பைனாகுலர் வாங்கிட்டு கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் கடற்கரைக்குப் போனேன், கூட எங்க மாமா, நாப்பது வருசம் கடலுக்குப் போன ஆளு. லைட்ஹவுஸ் வெளிச்சம் சுத்திச் சுத்தி வந்து கண்ணுல அடிச்சதுனால ஒரு பெரிய பாறைக்கு இந்தப் பக்கம் மறைவா உக்காந்தோம். பத்து மணி தாண்டியிருக்கும், மாமா கைய நீட்டி "குருசு வெள்ளி நட்டுக்க நிக்குது பாரு மக்கா"ன்னாரு. தெற்க கடலுக்கு மேல நாலு நட்சத்திரம், அப்படியே சிலுவை மாதிரி.

அதப் பாத்துட்டு பைனாகுலர கொஞ்சம் கிழக்கால, மேல நகர்த்தினேன் பாருங்க, வட்டமா ஒரு வெளுத்த பொகை! கிட்டத்தட்ட நிலா அளவுக்கு இருக்கு. உப்புக்காத்து அடிச்சு லென்ஸ்ல ஈரம் புடிச்சிருக்கும்னு சாரத்து (கைலி) முனையால தொடச்சேன், திரும்பப் பாத்தா அதே இடத்துல அதே பொகை. பைனாகுலர ஆட்டிப் பாத்தேன், லென்ஸ்ல அழுக்கா இருந்தா நாம திருப்புற பக்கமெல்லாம் அதுவும் கூடவே வரணும்ல, இது வரல, நட்சத்திரங்களோட நட்சத்திரமா அங்கயே நிக்குது. மாமாகிட்ட குடுத்தேன், அவரு ரொம்ப நேரம் பாத்துட்டு "இத மங்கின வெள்ளின்னுதான் இத்தன நாளும் நெனச்சேன், இதுக்குள்ள இவ்வளவு இருக்கா"ன்னு மெதுவா சொன்னாரு.

வீட்டுக்கு வந்து நட்சத்திர மேப் ஆப்ல பாத்துதான் தெரிஞ்சுது, அது ஒமேகா சென்டாரி. சுமார் 1 கோடி நட்சத்திரம் உருண்டையா கூடி நிக்குற கொத்து, ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு தூரம், நம்ம பால்வீதியில இருக்குற இந்த மாதிரி கொத்துலயே பெருசு. பழைய கிரேக்க வானியல் அறிஞர் டாலமி காலத்துல இத ஒத்த நட்சத்திரம்னுதான் எழுதி வச்சாங்க, ஒமேகாங்குற எழுத்துப் பேரு கூட நட்சத்திரத்துக்கு வைக்குற பேருதான். 1677ல செயின்ட் ஹெலினா தீவுல இருந்து பாத்த எட்மண்ட் ஹாலிதான் இது ஒத்த நட்சத்திரம் இல்லன்னு குறிச்சாரு. இன்னொன்னு, டெல்லியில இருந்து பாத்தா இது உச்சத்துக்கு வரும்போது கூட அடிவானத்துல இருந்து 14 டிகிரி உயரந்தான், தூசியிலயும் வெளிச்சத்துலயும் அமுங்கிப் போயிரும். நமக்கு 34 டிகிரி! இந்த முனையில பொறந்ததுக்கு இதுவும் ஒரு சொத்துன்னு நான் நெசமாவே நெனைக்கிறேன்.

நான் பாத்து ரெண்டே மாசத்துல, ஜூலைல, இதப்பத்தி ஒரு ஆராய்ச்சி வந்துது. ஹப்புள் தொலைநோக்கி 20 வருசமா எடுத்த 500க்கு மேல படங்கள வச்சு 14 லட்சம் நட்சத்திரம் எப்படி நகருதுன்னு அளந்திருக்காங்க. அதுல நடு மையத்துக்குக் கிட்ட ஏழு நட்சத்திரம் மட்டும் இருக்கக்கூடாத வேகத்துல ஓடுது, அந்த வேகத்துக்கு அது கொத்த விட்டு எப்பவோ தெறிச்சுப் போயிருக்கணும், போகலன்னா கண்ணுக்குத் தெரியாத ஏதோ கனமான ஒண்ணு இழுத்துப் புடிச்சிருக்கு. கணக்குப் போட்டா குறைஞ்சது 8,200 சூரியன் எடையுள்ள கருந்துளை. ஒண்ணா இல்லாம சின்னச் சின்ன கருந்துளைக் கூட்டமா இருக்கலாம்னும் வாதம் இருக்கு. இதுல எனக்குப் புடிச்ச விசயம் என்னன்னா, அந்தப் படங்கள்ல முக்காவாசி இந்த ஆராய்ச்சிக்காக எடுத்ததே இல்ல, ஹப்புளோட கேமரா சரியா இருக்கான்னு சோதிக்க எடுத்ததாம்! நான் சாரத்தால லென்ஸ் தொடச்சேன், அவங்களும் அவங்க லென்ஸத்தான் சரிபார்த்திருக்காங்க, அதே கொத்த வச்சு.

பாக்கணும்னா மே ஆரம்பத்துல ராத்திரி பதினோரு மணிவாக்குல தெற்க பாருங்க. தலைக்குக் கிட்ட சித்திரை நட்சத்திரம் பளிச்சுன்னு இருக்கும், அதுல இருந்து நேர கீழ எறங்குனா சித்திரைக்கும் கடலுக்கும் சரிபாதியில மங்கலா நிக்கும்.

—

அண்ணே நான் குளச்சல். எனக்கும் ஒண்ணு இருக்கு, சித்தப்பா கூட வள்ளத்துல போனப்ப சாயங்காலம் ஏழரை மணிக்கு வெளிச்சப் புள்ளியா வரிசையா மணிமாலை மாதிரி போச்சு, எண்ணி முடிக்கல, பாதி வானத்துலயே ஒவ்வொண்ணா அணைஞ்சுது. வள்ளத்துல எல்லாரும் பயந்துட்டாங்க, மகேந்திரகிரியில விட்ட ராக்கெட்டுன்னு ஒருத்தர் சொன்னாரு, அங்க இஸ்ரோ ராக்கெட் இன்ஜின் டெஸ்ட் மட்டுந்தான பண்ணுவாங்க. நேரத்தையும் திசையையும் போன்ல குறிச்சு வச்சு கரைக்கு வந்து தேடுனா இன்டர்நெட்டுக்கு விடுற ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டு. விட்ட புதுசுல அப்படித்தான் வரிசையா போகுமாம், பூமியோட நிழலுக்குள்ள போறப்ப அணைஞ்ச மாதிரி தெரியும். சாட்டிலைட்டுன்னு தெரிஞ்சப்புறமும் அந்தக் காட்சி மனசுல இருந்து போகல.

—

தம்பி, நேரமும் திசையும் குறிச்ச பாரு, அதுதான் வேலை. நீ கடல்லயே இருக்குற ஆளு, அங்க கரை வெளிச்சம் கெடையாது, அடுத்த தடவ குருசு வெள்ளிக்கு மேற்கால, வலது கைப்பக்கம் பாரு, ஈட்டா கரீனாங்குற நட்சத்திரம் இருக்குற பொகை தெரியும். 1843ல அந்த நட்சத்திரம் பொங்கி, வானத்துலயே சிரியஸுக்கு அடுத்த வெளிச்சமா நின்னுது. அன்னைக்குக் கெளம்புன வெளிச்சத்துல கொஞ்சம் தூரத்துத் தூசியில பட்டு, சுத்தி வந்து இப்பத்தான் நம்மகிட்ட சேருது, அதப் பிரிச்சு ஆராய்ஞ்சு 2012ல வெளியிட்டாங்க. நம்ம பாட்டாவோட பாட்டா காலத்து வெடிப்ப இப்ப ஒக்காந்து அளந்திருக்காங்க! சித்தப்பாவையும் கூட்டிட்டு வா, அமாவாசைக்கு முந்தின நாள் நானும் மாமாவும் முட்டம் பாறைகிட்டதான் இருப்போம்.