யூத மதத்துக்கு மாறியே ஆக வேண்டுமா?

கேள்வி: பிறந்ததிலிருந்து கிறிஸ்தவள். உபாகமம் 6:4-இல் "நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்பதை வாசிக்க வாசிக்க, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவம் மனதில் ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி ஓய்வுநாளைத் தொடங்குகிறேன். ஆனால் இயேசுவின் நாமத்தைச் சொல்லாமல் ஜெபத்தை முடிக்க இன்னும் வாய் வரவில்லை. மாறியே ஆக வேண்டுமா?

பதில் 1: வேண்டியதில்லை. யூதரல்லாதவர்களுக்கு நோவாவின் ஏழு கட்டளைகள் (கொலை, திருட்டு, சிலை வழிபாடு கூடாது போன்ற அடிப்படை நெறிகள்) போதும் என்பதே யூத மரபு. ரபிகள், அதாவது யூத மத குருக்கள், ஆள் சேர்ப்பதில்லை.

பதில் 2: நான் மாறியவன். நீண்ட படிப்பு, விருத்தசேதனம் (இது ஆண்களுக்கு மட்டும்), மூவர் அமர்ந்த பேத் தின் என்னும் யூத மத நீதிமன்றத்தின் முன் கேள்விகள், அப்புறம் மிக்வே என்னும் சடங்குக் குளத்தின் தண்ணீரில் தலை மூழ்க முழுக்கு. இயேசுவை மேசியாவாக நம்பிக்கொண்டே போனால் ஏற்க மாட்டார்கள். அதில் தெளிவு வரட்டும் அக்கா, அவசரம் வேண்டாம்.

கேட்டவர்: சரி தம்பி. அவரை விடுவது எனக்குச் சாதாரணமில்லை. ரபியிடம் இதையே முதலில் பேசுகிறேன்.