பால் பைத்தானுக்கு உயிருள்ள எலியா, உறைந்த எலியா? நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பெருமாள்புரம் வாசி:

உயிருள்ள எலியைப் போட்டால்தான் பாம்பு தின்னும், செத்ததைத் திரும்பியும் பார்க்காது என்று பாம்பு வளர்க்காதவர்கள் எல்லாரும் எனக்குப் பாடம் நடத்தி முடித்துவிட்டார்கள். வளர்ப்பவர்களிலும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். என் வீட்டுப் பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) இப்போது உறைந்த எலியைத் தவிர வேறெதையும் தின்பதில்லை. எலிக்கு உயிர் இருக்கிறதா என்பதை அது பார்ப்பதில்லை. சூடு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. மேலுதட்டில் வரிசையாக இருக்கும் குழிகளால் சூட்டை உணர்ந்துதான் இருட்டில் குறி வைக்கிறது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் எலி வளைகளுக்குள் பதுங்கிக் கிடந்து, இரவில் இரை தேடும் இனம் அது.

நான் செய்வது இதுதான். முதல் நாள் இரவே எலியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவேன். நம் ஊர் சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் உள்ளே இளகுவதற்குள் மேலே நாற ஆரம்பித்துவிடும். மறுநாள் இருட்டிய பிறகு, இறுக மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு, கை பொறுக்கிற வெந்நீரில் அமிழ்த்துவேன். வயிற்றை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே கட்டியாகத் தட்டுப்பட்டால் இன்னும் இளகவில்லை என்று அர்த்தம். கடைசியில் தலைப்பக்கத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடான நீரில் காட்டுவேன். 38 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். மைக்ரோவேவ் கூடவே கூடாது. ஓரிடம் வெந்தும் ஓரிடம் பனியாகவும் இருக்கும், வயிறும் வெடித்துவிடும்.

பாம்புக்கு மறைவிடமாகக் காருக்குறிச்சி மண்சட்டி ஒன்றின் விளிம்பை உடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். விளக்கை அணைத்துவிட்டு, நீள இடுக்கியால் எலியை இடுப்பில் பிடித்து அந்த வாசலில் காட்டுவேன். முதலில் நாக்கு மட்டும் வரும், மெதுவாக, விட்டு விட்டு. பிறகு மூக்கு நுனி. தலை சற்றே பின்வாங்கிக் கழுத்து வளைந்தால் கையை ஆட்டக்கூடாது. அடுத்த கணம் எலி சட்டிக்குள் போயிருக்கும். கவ்விய பிறகு இடுக்கியால் லேசாக ஒருமுறை இழுத்தால் உயிருள்ளதென்று நினைத்து இன்னும் இறுக்கிச் சுற்றும். அதற்கு மேல் நமக்கு அங்கே வேலை இல்லை.

உண்மையில் பெரிய போராட்டம் என் அம்மாவோடுதான். "இட்லி மாவு வைக்கிற இடத்தில் எலியா?" என்று கேட்டவர், அதன்பின் இரண்டு வேளை என்னோடு பேசவே இல்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. சால்மோனெல்லா கிருமி உறைந்தாலும் சாவதில்லை. இப்போது எலிக்கென்று பழைய சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று மாடியில் தனியாக ஓடுகிறது.

அம்பை விவசாயி:

அண்ணாச்சி சொல்வது சரி. கல்லிடைக்குறிச்சியில் என் மைத்துனர் ஒருவர் உயிருள்ள எலிதான் போடுவார். ஒருநாள் பாம்பு தின்னவில்லை. காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று எலியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனார். காலையில் போய்ப் பார்த்தால் பாம்பின் முதுகில் விரல் நீளத்துக்குத் தோலும் சதையும் இல்லை. உள்ளே வெள்ளையாக விலா எலும்பு தெரிந்தது. பாம்பு சுருண்டு தலையை உள்ளே புதைத்துக்கொண்டதே தவிர எதிர்க்கவே இல்லை. எலி பெட்டியின் மூலையில் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தது. பசி எடுத்த எலிக்குப் பக்கத்தில் கிடக்கும் எதுவும் தீனிதான். மருத்துவர் தையல் போட்டு, மருந்து கொடுத்து, பாம்பு பிழைத்துவிட்டது. தழும்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

உயிருள்ளதைத்தான் போடுவேன் என்கிறவர்கள் தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார வேண்டும். பாம்பு அசட்டை செய்தால் கொஞ்ச நேரத்தில் எலியை எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று. பிசான அறுவடை நெருங்கும்போது "வயலில் எலி இலவசமாகக் கிடைக்குமே, பிடித்துத் தரட்டுமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எங்கள் வரப்புகளில் துத்தநாகப் பாஸ்பைடு கலந்த எலி மருந்து வைக்காத வயலைத் தேடத்தான் வேண்டும். மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை, நன்றாகத்தான் ஓடும். அதைத் தின்ற பாம்பின் கதி என்ன? பிடிக்கிற நமக்கோ எலிக்காய்ச்சல் பயம் தனி.

தென்காசிக்காரன்:

எங்கள் பாம்பு சாரல் தொடங்கினால் பட்டினி கிடக்கும். முதல் வருடம் நான் பட்ட கவலை கொஞ்சநஞ்சமல்ல. வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் தின்னாமல் இருக்கும் என்று தெரிந்த பிறகுதான் தூக்கம் வந்தது. சமையலறைத் தராசு ஒன்று வாங்கி எடையை எழுதி வைக்கிறேன். எடை நின்றால் விட்டுவிடுகிறேன். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

கால்நடை மருத்துவ மாணவி:

வெளிநாட்டுப் பாம்புகள் எங்களிடம் வருவது அபூர்வம். வந்தவற்றில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை சூட்டில்தான் ஆரம்பித்திருந்தன. பெட்டியில் ஒரு பக்கம் 31, 32 டிகிரியும் மறுபக்கம் 26 டிகிரி அளவும் வேண்டும். குளிர்ந்த பாம்புக்குச் செரிக்காது. கோடையில் நம் அறையே 35ஐத் தாண்டுகிறது, அதுவும் ஆபத்துதான். எலியின் பருமன் பாம்பின் உடலில் மிகத் தடித்த இடத்தின் அளவுக்கு இருந்தால் போதும். குட்டிக்கு வாரம் ஒருமுறை, வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. தின்ற பின் இரண்டு நாள் தூக்கக் கூடாது. கக்கிவிட்டால் இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, பிறகு சின்ன எலி.

நண்பர்களைக் கூட்டி வைத்து, உயிருள்ள எலியைப் போட்டு வீடியோ எடுக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: வேடிக்கைக்காக ஒரு பிராணியை இன்னொன்றுக்கு இரையாக அடைத்து வைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதோடு, பால் பைத்தான் வைத்திருப்பவர்கள் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நம் நாட்டு மலைப்பாம்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மணிமுத்தாறு கால்வாயில் குட்டி கிடைத்தது, வளர்க்கலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை வாசகர்:

எல்லாரும் எளிதாகச் சொல்கிறீர்கள். என்னிடம் வந்தது வேறொருவர் வளர்த்துக் கைவிட்ட பாம்பு. உயிருள்ள எலி மட்டுமே தின்று பழகியது. உறைந்ததை எத்தனை சூடாக்கினாலும் முகம் திருப்பிக்கொண்டது. எலும்பு தெரிகிற பாம்பைக் கொள்கைக்காகப் பட்டினி போட எனக்கு மனம் வரவில்லை. அப்போதே கொன்ற எலியை முதலில் கொடுத்தேன், அதைத் தின்றது. அது பழகிய பிறகு உறைந்ததை, உயிருள்ள எலிகள் கிடந்த மரத்தூளில் புரட்டி, ராத்திரி வெகுநேரம் கழித்துக் கொடுத்தேன். வாசனை ஏறியதும் எடுத்துக்கொண்டது. எனவே உயிருள்ளதா உறைந்ததா என்று சண்டை போடுவதற்கு நடுவில் இப்படி ஒரு படியும் உண்டு.

எனக்கு ஒரு சந்தேகம். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்துகிறார்களே, அன்று ஃப்ரீசரில் இருக்கும் எலிகளை என்ன செய்கிறீர்கள்?

பெருமாள்புரம் வாசி:

தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து, எலி டப்பாவைச் சுற்றி அடுக்கி வைத்திருக்கிறேன். மின்சாரம் வரும் வரை கதவைத் திறப்பதில்லை. வந்த பிறகும் எலி கல்லாக இருந்தால் சரி. இளகியிருந்தால் மறுபடி உறையவைப்பதில்லை. தோட்டத்தில் முருங்கை மரத்தடியில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறேன். அம்மாவிடம் சொல்வதில்லை.