'கேப் ஜங்ஷன்': 'இடைவெளிச் சந்திப்பு' வேண்டாம், 'புழைச் சந்தி' எனலாம்

> செல் முதல் உறுப்பு மண்டலம் வரையிலான கலைச்சொல் பட்டியலில் கேப் ஜங்ஷனுக்கு (gap junction, அடுத்தடுத்த செல்களை நேரடியாக இணைக்கும் அமைப்பு) 'இடைவெளிச் சந்திப்பு' என்றே போட்டுவிடலாமா?

வணக்கம் ஐயா,

வேண்டாம். அதைப் படிக்கும் மாணவர், செல்கள் அங்கே விலகி நிற்கின்றன என்றுதான் எடுத்துக்கொள்வார். உண்மை நேர்மாறானது. மற்ற இடங்களில் ஏறத்தாழ 20 நானோமீட்டர் விலகியிருக்கும் செல்சவ்வுகள் இங்கேதான் 2 முதல் 4 நானோமீட்டர் வரை நெருங்குகின்றன. மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்த அந்த மெல்லிய இடைவெளிக் கோட்டை வைத்து இட்ட பெயர்தான் 'கேப்'. வேலையைச் சொல்லும் பெயரே நமக்கு வேண்டும்.

சவ்வில் ஆறு கனெக்சின் புரதங்கள் வளையமாகக் கூடிக் குழலாகின்றன. எதிர்ச் செல்லின் குழலோடு அது வாய்க்கு வாய் பொருந்துகிறது. அயனிகளும், சுமார் 1,000 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) உட்பட்ட சிறு மூலக்கூறுகளும் வெளியே சிந்தாமல் செல் விட்டுச் செல் போகும், புரதம் போகாது. இதயத்தசை ஒருசேரச் சுருங்குவது இதனால்தான். வளர்ந்த எலும்புத்தசையில் இது இல்லாததால், அங்கே ஒவ்வொரு நாருக்கும் நரம்பு முனை வந்து சேர வேண்டியிருக்கிறது. காயப்பட்ட செல்லில் கால்சியம் ஏறினால் குழல் அடைபடும், பக்கத்துச் செல் பிழைக்கும். கனெக்சின் 26 மரபணு பழுதானால் பிறவியிலேயே காது கேளாமல் போகலாம்.

ஆகவே 'புழைச் சந்தி'. புழை உள்ளீடற்ற வழி. துதிக்கைக்குப் 'புழைக்கை' என்று பெயர் உண்டே! 'பிணைப்பு' வேதியியலுக்கும் 'மூட்டு' எலும்புக்கும் போய்விட்டன, 'சந்தி' இருக்கிறது.

செல்களை இணைக்கும் மற்ற அமைப்புகளில், டைட் ஜங்ஷன் 'அடைப்புச் சந்தி' ஆகட்டும்: குடற்சுவர்ச் செல்களின் மேல்விளிம்பைச் சுற்றி அடைத்து, குடலில் உள்ளது செல் இடுக்கு வழியே கண்டபடி கசியாமல் காக்கிறது. அதற்குக் கீழே செல்லைச் சுற்றி ஓடும் அட்ஹெரன்ஸ் ஜங்ஷன் 'பற்றுப்பட்டை'. புள்ளி புள்ளியாகப் பிடிக்கும் டெஸ்மோசோம் 'பற்றுப்பொட்டு'. பெம்ஃபிகஸ் நோயில் உடலின் எதிர்ப்பொருளே இந்தப் பொட்டைத் தாக்குவதால்தான் தோலும் வாயும் கொப்புளிக்கின்றன.

> இயற்பியலில் 'நுண்புழை' (capillary) இருக்கிறதே, குழம்பாதா? 'கால்வாய்ச் சந்தி' எளிதல்லவா?

'சந்தி' கூடவே வருவதால் நுண்புழையோடு குழம்பாது. கால்வாயில்தான் சிக்கல். அயனிக் கால்வாய் செல்லின் உள்ளையும் வெளியையும் இணைப்பது, இது இரு செல்களின் உட்புறங்களை இணைப்பது. இன்னொரு வசதியும் உண்டு: ஒரு செல்லுக்குரிய பாதிக் குழலான கனெக்சானை 'அரைப்புழை' எனலாம், இரண்டு அரைப்புழை சேர்ந்தால் ஒரு புழை. கனெக்சின் புரதப்பெயர், அதை அப்படியே விட்டுவிடலாம்.