வர்க்கமிலி: மூலக்குறிக்குள் எஞ்சும் எண்ணுக்கு ஒரு சொல்

அன்புடையீர்,

வர்க்கமூலத்தைச் சுருக்கி முடித்தபின் குறிக்குள் எஞ்சும் எண்ணைச் 'சுருங்கா எண்' எனலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். ஓசை நன்றாக இருப்பினும், எதைப் பொறுத்துச் சுருங்காதது என்பதை அச்சொல் காட்டவில்லை. பின்னத்தின் எளிய வடிவத்தோடும் அதைக் குழப்பிக்கொள்ள நேரும்.

இங்கே சொல் தேவைப்படுவதற்குக் காரணமே ஒரு குழப்பம்தான். √72 ஐ 9 × 8 எனப் பிரித்து 3√8 என எழுதும் மாணவர், 8 முழு வர்க்கம் அன்று என்பதால் அங்கேயே நின்றுவிடுகிறார். முழு வர்க்கம் அல்லாதிருப்பது போதாது. 1 ஐத் தவிர வேறு எந்த முழு வர்க்கமும் அவ்வெண்ணை வகுக்கக் கூடாது. 8 ஐ 4 வகுப்பதால் இன்னும் ஒரு 2 வெளியே வந்து, 6√2 கிடைக்கிறது. பகாக் காரணிகளாகப் பார்த்தால் 72 = 2³ × 3²; ஒற்றைப்படை அடுக்குள்ள 2 மட்டுமே ஒரு முறை உள்ளே தங்குகிறது.

இவ்வகை எண்ணுக்கு, மாறிலி, முடிவிலி ஆகியவற்றின் வழியில், 'வர்க்கமிலி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 2, 6, 30 வர்க்கமிலிகள்; 8, 12, 45 அல்ல. எல்லா எண்ணுக்கும் வர்க்கம் உண்டே, 6 இன் வர்க்கம் 36 அன்றோ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் 'வர்க்கக் காரணியிலி' என்னும் முழு வடிவத்தை வரையறையில் ஒரு முறை தந்துவிட்டால், குறுகிய வடிவம் தொல்லை தராது என்பது என் கருத்து.

பின்னங்களில் இச்சொல்லின் பயன் கூடுதலாகவே தெரிகிறது. √(3/8) இன் பகுதியிலிருந்து மூலக்குறியை நீக்க, மேலும் கீழும் 8 ஆல் பெருக்கி, √24/8 எனக் கொண்டுபோய், மறுபடி சுருக்குவது வழக்கம். 8 = 4 × 2 என்பதில் வர்க்கமிலிப் பாகம் 2; அதனால் மட்டும் பெருக்கினால் √(6/16), அதாவது √6/4, நேரே வந்துவிடும். பின்னத்தை முதலில் சுருக்கிவிட வேண்டும் என்பதையும் வரையறையில் சேர்க்க வேண்டும்: 50, 18 இரண்டும் முழு வர்க்கங்கள் அல்ல, எனினும் √(50/18) என்பது √(25/9), அதாவது 5/3.

கனமூலத்துக்கும் இதே அமைப்பில் 'கனமிலி' என்று ஆக்கிக்கொள்ளலாம். 4 என்பது கனமிலி, ஆனால் வர்க்கமிலி அன்று. √4 இன் மதிப்பு 2 ஆகிவிட, ∛4 அப்படியே நிற்கிறது. 'சுருங்கா எண்' என்று பொதுவாகச் சொன்னால் இந்த 4 ஐ எந்தப் பக்கம் வைப்பது?